கிளவுட் மவுன்ட் இருந்தும் நிரம்பிய ரூட் டிஸ்க்: ஒரு நிகழ்வு ஆய்வு

புகாரின் வாசகம் இதுதான்: கிளவுட் சேமிப்பகம் நிரம்பிவிட்டது, பேக்கப் எழுத முடியவில்லை. இரவில் ஓடும் ஸ்கிரிப்ட் 'சாதனத்தில் இடமில்லை' என்ற பிழையோடு நின்றுபோயிருந்தது. எழுத முயன்ற இடமோ எஸ்3 வகை ஆப்ஜெக்ட் சேமிப்பகத்தின் ஒரு பக்கெட், அதாவது கிளவுட்டில் கோப்புகளைப் போட்டுவைக்கும் ஒரு கலம்; சர்வரில் அதை ஓர் அடைவாக (கோப்புறையாக) மவுன்ட் செய்து, அதாவது இணைத்து, வைத்திருந்தார்கள். அங்கே இடம் தீர்ந்துபோவது என்ற பேச்சுக்கே பொதுவாக வழியில்லை. வைக்கும் அளவுக்குப் பணம் கட்ட வேண்டும், அவ்வளவுதான். மிச்சமுள்ள இடத்தைச் சொல்லும் டிஎஃப் கட்டளையும் அந்த மவுன்ட்டுக்கு நேராக வானளாவிய ஓர் எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தது. அது உண்மையான அளவும் அல்ல. பக்கெட்டுக்கு மொத்த அளவு என்று ஒன்று இல்லாததால், கேட்கிற நிரல்களுக்குப் பதில் சொல்ல, மவுன்ட்டை நடத்தும் நிரலான எஸ்3எஃப்எஸ் தானே ஒரு பெரிய எண்ணைப் போட்டுவைக்கிறது.

ஆக, வரம்பில்லாத இடத்தில் இடமில்லை என்ற பிழை. இந்த முரணைப் பிடித்துக்கொண்டு போனதில் மூன்று தனித்தனிக் கோளாறுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தது தெரியவந்தது. மவுன்ட் தோற்றது அவற்றில் மிகச் சிறியது. மவுன்ட் இல்லாத நேரத்திலும் எழுதும் வேலை வெற்றிகரமாக நடந்துகொண்டே இருந்ததுதான் பெரியது.

அமைப்பு

சர்வரில் உபுன்டு. இயங்குதளம் இருக்கும் ரூட் டிஸ்க் 80 ஜிபி, எக்ஸ்ட்4 கோப்பு முறைமை. அதில் ஒரு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம். தினமும் நள்ளிரவுக்குப் பிறகு கிரான் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் நிரல்) ஒரு ஷெல் ஸ்கிரிப்டை இயக்கும். அது தரவுத்தளத்தின் நகலைச் சுருக்கி '/எம்என்டி/காப்பகம்' என்ற அடைவில் எழுதும். பிறகு ஃபைண்ட் கட்டளையால் அந்த அடைவில் 14 நாளுக்கு மேற்பட்ட பேக்கப் கோப்புகளை நீக்கும். அதே அடைவின் இன்னொரு துணை அடைவில், டாக்கர் கன்டெய்னருக்குள் (சர்வரிலேயே பிரித்துவைத்த தனிச் சூழலுக்குள்) ஓடும் ஒரு செயலி விலைப்பட்டியல்களைப் பிடிஎஃப் கோப்புகளாகச் சேர்த்துவைக்கும். தணிக்கைக்காக வைப்பவை அவை. எழுதுவதோடு சரி, பழையதைத் தேடி அன்றாடம் யாரும் வருவதில்லை. இந்த விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கோளாறு இத்தனை காலம் வெளியே தெரியாமல் இருந்ததற்கு இதுவே பாதிக் காரணம்.

அடைவையும் பக்கெட்டையும் இணைத்தது எஸ்3எஃப்எஸ். அது ஃபியூஸ் வழியாக வேலை செய்கிறது. 2005-இல் லினக்ஸ் 2.6.14 கெர்னலோடு (இயங்குதளத்தின் மையப் பகுதியோடு) சேர்ந்த ஏற்பாடு ஃபியூஸ். கோப்பு முறைமையின் வேலையைக் கெர்னலுக்கு வெளியே ஒரு சாதாரண நிரலே செய்ய அது வழிவிடுகிறது. வசதிதான். ஆனால் அந்த நிரல் இறந்தால் கோப்பு முறைமையும் இறக்கும். நினைவகம் தீர்ந்து கெர்னல் அதைக் கொன்றாலோ, நிரலே முறிந்தாலோ, 'டிரான்ஸ்போர்ட் எண்ட்பாயின்ட் இணைக்கப்படவில்லை' என்ற புகழ்பெற்ற செய்தி வரும். இங்கே அது வரவில்லை. மவுன்ட் உயிரோடு இருந்தது, எல்எஸ் கட்டளைக்குப் பதில் சொன்னது, கோப்புகளைக் காட்டியது.

முதல் சந்தேகங்கள்

கணக்கில் ஒதுக்கீட்டு வரம்பு ஏதாவது வைத்திருக்கிறார்களா என்று பார்த்ததில் ஒன்றும் இல்லை. அணுகல் சாவி காலாவதியாகிவிட்டதா என்ற கேள்விக்கு, மவுன்ட்டைத் தொடாமல் கட்டளைவரிக் கருவியால் பக்கெட்டை நேரடியாகப் பட்டியலிட்டுப் பார்ப்பதுதான் சரியான சோதனை. பட்டியல் வந்தது, சிறு கோப்பொன்று ஏறவும் செய்தது. சர்வரின் கடிகாரமும் சரியாக இருந்தது. கடிகாரத்தை ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: எஸ்3 கோரிக்கைகளின் கையொப்பத்தில் நேரம் சேர்கிறது, 15 நிமிடத்துக்கு மேல் விலகினால் சேவை 403 பிழையோடு மறுத்துவிடும். மவுன்ட் வழியாகப் பார்ப்பவருக்கு அது 'அனுமதி இல்லை' என்றே தெரியும், சாவியைத்தான் சந்தேகிப்பார்.

நேரடியாக ஏறுகிறது, மவுன்ட் வழியாக ஏறவில்லை. அப்படியானால் சிக்கல் பக்கெட்டில் இல்லை, இடையில் இருக்கிறது.

எஸ்3எஃப்எஸ் எழுதும் விதம் இங்கே முக்கியமாகிறது. பொதுவாக ஆப்ஜெக்ட் சேமிப்பகத்தில் ஒரு கோப்பின் நடுவில் நான்கு பைட்டை மாற்றுவது, கடைசியில் ஒட்டுவது போன்ற வேலைகளுக்கு இடமில்லை. முழுப் பொருளாகவோ, பகுதிகளாகப் பிரித்தோ ஏற்ற வேண்டும். அதனால் எஸ்3எஃப்எஸ் எழுதப்படுவதை முதலில் உள்ளூரில், வேறு இடம் சொல்லாவிட்டால் '/டெம்ப்' அடைவில், தற்காலிகக் கோப்பாகச் சேர்த்து, பிறகு மேலே அனுப்புகிறது. '/டெம்ப்' இருப்பது ரூட் டிஸ்க்கில். ரூட் டிஸ்க் நிரம்பினால், எல்லையற்ற கிளவுட் அடைவிலும் 'இடமில்லை' என்ற பதில்தான் வரும். அந்தப் பிழைச் செய்தி பொய் சொல்லவில்லை. எந்த டிஸ்க்கைப் பற்றிப் பேசுகிறது என்பதை மட்டும் சொல்லவில்லை.

ரூட் டிஸ்க்கைப் பார்த்தால் 100 சதவீதம்.

கணக்கில் வராத இடம்

80 ஜிபியும் போய்விட்டது என்றது டிஎஃப். ரூட் கோப்பு முறைமையைத் தாண்டாமல் டியூ கட்டளையால் கோப்புகளின் அளவைக் கூட்டிப் பார்த்தால் 24 ஜிபிக்கு மேல் தேறவில்லை. ஐம்பது ஜிபிக்கு மேல் காணவில்லை.

டிஎஃப், டியூ இரண்டும் இப்படி முரண்பட்டால் அனுபவமுள்ள எவரும் முதலில் நினைப்பது, நீக்கப்பட்டும் திறந்தே இருக்கும் கோப்புகளைத்தான். லாக் கோப்பை யாரோ அழித்திருப்பார்கள், அதைத் திறந்துவைத்திருக்கும் செயலி இன்னும் விடவில்லை, எனவே இடமும் விடுபடவில்லை. எல்எஸ்ஓஎஃப் கட்டளையை '+எல்1' என்ற தேர்வோடு இயக்கினால் அப்படிப்பட்ட கோப்புகள் மட்டும் வரும். வந்தவற்றை எல்லாம் கூட்டினாலும் சில எம்பிதான். ஐநோடு (கோப்பு ஒவ்வொன்றுக்கும் தேவைப்படும் பதிவு இடம்) தீர்ந்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை.

இந்த இடத்தில் பொதுவாக நடப்பது, டிஸ்க்கைப் பெரிதாக்குவது. இங்கேயும் அந்த யோசனை மேசையில் இருந்தது. இன்னும் ஒரு படி மேலே போய், ஏற்கெனவே எடுத்துவைத்த படிமத்திலிருந்து (இமேஜ்) புதிய சர்வரை எழுப்பிவிட்டுப் பழையதை நீக்கிவிடலாம் என்றும் சொன்னார்கள். தரவுத்தள பேக்கப்பும் விலைப்பட்டியல்களும் கிளவுட்டில்தானே இருக்கின்றன, சர்வரில் இழக்க என்ன இருக்கிறது என்பது அவர்கள் வாதம். கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது.

காணாமல்போன இடத்துக்கு இன்னொரு விளக்கம் உண்டு. ஒரு அடைவின்மேல் மவுன்ட் செய்யும்போது அதில் முன்பே இருந்தவை அழிவதில்லை. தரையில் கிடப்பதன்மேல் பாயை விரித்ததுபோல மறைந்துவிடும். டியூ அந்தப் பாதை வழியாகப் போகும்போது மேலே இருக்கும் மவுன்ட்டைத்தான் பார்க்கும். கீழே எத்தனை ஜிபி இருந்தாலும் அதன் கண்ணில் படாது. டிஎஃப் அடைவுகளைச் சுற்றுவதில்லை, கோப்பு முறைமையையே நேரடியாகக் கேட்கிறது; அதனால் அதன் கணக்கில் எல்லாம் வரும்.

மவுன்ட்டைக் கழற்றாமலே அடியில் இருப்பதைப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. காலியாக ஓர் அடைவை உருவாக்கி, ரூட்டை அதில் பைண்ட் மவுன்ட் செய்ய வேண்டும், அதாவது ரூட்டையே இன்னொரு பாதையிலும் தெரியவைக்க வேண்டும். 'மவுன்ட்' கட்டளைக்கு 'பைண்ட்', 'ஆர்ஓ' இரண்டையும் தேர்வாகக் கொடுத்து, மூலமாகச் சாய்கோட்டையும் இலக்காகப் புதிய அடைவையும் சொன்னால் போதும். சாதாரண பைண்ட் துணை மவுன்ட்களைத் தன்னோடு இழுத்துவராது. எனவே புதிய பாதை வழியாகப் போனால் ரூட் டிஸ்க்கின் வெற்று நிலை தெரியும். 'ஆர்ஓ' (படிக்க மட்டும்) சேர்ப்பது சும்மா அல்ல. அந்தப் புதிய பாதையில் தெரிவது நகல் அல்ல, உண்மையான ரூட்டேதான். துப்புரவு ஆர்வத்தில் யாராவது அங்கே ஒரு நீக்கல் கட்டளையைத் தட்டினால் சர்வரே போய்விடும். அதே காரணத்துக்காகத்தான் வேலை முடிந்ததும் அதைக் கழற்றிவிட வேண்டும்.

பைண்ட் செய்த பாதையில் 'எம்என்டி/காப்பகம்' அடைவைத் திறந்ததும் காணாமல்போன ஐம்பத்துச் சொச்சம் ஜிபியும் அங்கே இருந்தது. 14 நாள் தரவுத்தள நகல்கள், அவற்றோடு விலைப்பட்டியல்களின் பெரிய குவியல்.

இரண்டு கடைசித் தேதிகள்

கோப்புகளைத் தேதி வாரியாக அடுக்கியபோதுதான் வழக்கின் முடிச்சு கண்ணில் பட்டது. மறைந்திருந்த அடைவில் தரவுத்தள நகல்கள் ஒன்பது நாளுக்கு முன் நின்றுவிட்டன. விலைப்பட்டியல்களோ அன்று காலைவரை, டிஸ்க் நிரம்பிய நிமிடம்வரை, வந்துகொண்டே இருந்தன.

ஒன்பது நாளுக்கு முன் என்ன நடந்தது என்பதற்குப் பணிப் பதிவில் ஒரு வரி இருந்தது: காப்பக மவுன்ட் காணவில்லை, சரிசெய்யப்பட்டது. அதாவது அதற்கு முன்பு ஏதோ ஒரு நாளிலிருந்து மவுன்ட் இல்லை. அந்த இடைவெளியில் ஸ்கிரிப்ட் எழுதியதெல்லாம் வெறும் அடைவில், ரூட் டிஸ்க்கில் விழுந்தது. மவுன்ட் திரும்பியதும் ஸ்கிரிப்ட் கிளவுட்டில் எழுதத் தொடங்கிவிட்டது. தரவுத்தள நகல்கள் நின்ற தேதிக்கு இது பொருந்துகிறது. மவுன்ட் மேலே வந்த பிறகும் விலைப்பட்டியல்கள் எப்படி அடியில் போய் விழுந்தன?

கன்டெய்னர். ஒவ்வொரு கன்டெய்னருக்கும் தனி மவுன்ட் பெயர்வெளி, அதாவது எந்தப் பாதையில் எது மவுன்ட் ஆகியிருக்கிறது என்ற தனிப் பட்டியல், உண்டு. சர்வரின் அடைவு ஒன்றைக் கன்டெய்னருக்குக் கொடுத்தால், கன்டெய்னர் தொடங்கும் கணத்தில் அந்தப் பாதையில் எது இருந்ததோ அதையே டாக்கர் உள்ளே பைண்ட் செய்கிறது. இயல்பாக அந்தப் பிணைப்பு 'ஆர்பிரைவேட்' வகை: பிறகு வெளியே நடக்கும் மவுன்ட்களோ கழற்றல்களோ உள்ளே எட்டாது. இந்தக் கன்டெய்னர் தொடங்கியது மவுன்ட் இல்லாதபோது. எனவே அது பிடித்துக்கொண்டது ரூட் டிஸ்க்கின் வெறும் அடைவை. வெளியே மவுன்ட் திரும்பி வந்ததை அது அறியவே இல்லை.

ஊகத்தை உறுதிசெய்வது எளிது. கன்டெய்னருக்குள் ஓடும் செயலியின் எண்ணைக் கண்டுபிடித்து, '/பிராக்' அடியில் அந்த எண்ணுக்குரிய 'மவுன்ட்இன்ஃபோ' கோப்பைப் படிக்க வேண்டும். காப்பக அடைவுக்கான வரியில் கோப்பு முறைமையின் வகை 'ஃபியூஸ்.எஸ்3எஃப்எஸ்' என்று இருந்திருக்க வேண்டும். 'எக்ஸ்ட்4' என்று இருந்தது. அதே வரியின் நான்காம் புலம், அந்த டிஸ்க்குக்குள் எந்த அடைவு பிணைக்கப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்லும். அங்கே '/எம்என்டி/காப்பகம்' என்றே எழுதியிருந்தது. சந்தேகத்துக்கு இடமில்லாத சாட்சி. ஒரே பாதையைச் சர்வரில் நின்று பார்ப்பவருக்கு ஒன்றும் கன்டெய்னருக்குள் நின்று பார்ப்பவருக்கு வேறொன்றும் தெரிந்துகொண்டிருந்தன.

இதன் பொருளைக் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும். சர்வர் கடைசியாக மறுதொடக்கமான நாளிலிருந்து எழுதப்பட்ட விலைப்பட்டியல் ஒன்றுகூடக் கிளவுட்டில் இல்லை. ஒரே பிரதி, மறைந்த அடைவில். 'இழக்க ஒன்றுமில்லை' என்று சொல்லிச் சர்வரை நீக்கியிருந்தால் அவ்வளவும் போயிருக்கும்.

மவுன்ட் ஏன் போனது

இது சுருக்கமான கதை. கணினிப் பதிவைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் கட்டளையில் பழைய தொடக்கங்களைப் பட்டியலிட்டு, சம்பந்தப்பட்ட தொடக்கத்தின் பதிவை எடுத்துப் பார்த்தால், சேவையின் முகவரியைக் கண்டறிய முடியவில்லை என்ற எஸ்3எஃப்எஸ் செய்தி இருந்தது. நெட்வொர்க் எழுவதற்கு முன்பே மவுன்ட் முயன்றிருக்கிறது. எதை எங்கே மவுன்ட் செய்வது என்று சர்வருக்குச் சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில், இந்த மவுன்ட்டுக்கான வரியில் '_நெட்டெவ்' என்ற தேர்வு இல்லை. என்எஃப்எஸ், சிஐஎஃப்எஸ் போன்றவை நெட்வொர்க் சார்ந்தவை என்பது, சேவைகளையும் மவுன்ட்களையும் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டிக்குத் தெரியும். ஃபியூஸ் வகைகள் எல்லாவற்றையும் பற்றி அதற்கு அப்படித் தெரியாது. சொல்லாவிட்டால் உள்ளூர் டிஸ்க் என்றே எடுத்துக்கொள்ளும், நெட்வொர்க்குக்காகக் காத்திருக்காது.

அந்த வரியில் 'நோஃபெயில்' இருந்தது. மவுன்ட் தோற்றாலும் சர்வர் எழுந்துவிட வேண்டும் என்பதற்காகப் போடுவது அது. தொலைவில் இருக்கும் சர்வருக்கு அவசியமும்கூட. ஆனால் அதைப் போட்ட கணத்திலிருந்து, மவுன்ட் இல்லாமல் சர்வர் ஓடும் நிலை ஒன்று வரும் என்று ஒப்புக்கொண்டதாக அர்த்தம். அந்த நிலையில் மற்ற நிரல்கள் என்ன செய்ய வேண்டும் என்பதை யாரும் எங்கும் எழுதிவைக்கவில்லை. போதாததற்கு, எஸ்3எஃப்எஸ் பின்னணிக்குப் போன பிறகு தோற்றால் அந்தத் தோல்வி திரையில் வருவதில்லை, கணினிப் பதிவில் மட்டுமே விழும். அதைப் பிழைதேட வேண்டுமானால் '-எஃப்' கொடுத்து முன்னணியிலேயே ஓடவிட்டு, பிழைத்திருத்த அளவை உயர்த்திப் பார்ப்பதுதான் நேர்வழி.

அதற்கு முன் எப்படி வேலை செய்தது? அமைத்த அன்று கையால் மவுன்ட் செய்தார்கள், வேலை செய்தது. பிறகு பல மாதங்களாகச் சர்வர் மறுதொடக்கம் ஆகவே இல்லை. கெர்னல் புதுப்பிப்புக்காக முதன்முறை மறுதொடக்கம் செய்த அன்றுதான் எஃப்எஸ்டேப் வரி உண்மையில் சோதிக்கப்பட்டது.

ஒரு எச்சரிக்கை, அதை அடக்கிய ஒரு சொல்

ஒன்பது நாளுக்கு முன் நடந்த 'சரிசெய்தல்' தனியாகப் பார்க்க வேண்டியது. மவுன்ட் இல்லை என்று கண்டவர் மீண்டும் மவுன்ட் செய்ய முயன்றிருக்கிறார். எஸ்3எஃப்எஸ் மறுத்திருக்கிறது: அடைவு காலியாக இல்லை, பாதுகாப்பானது என்று உறுதியாகத் தெரிந்தால் 'நான்எம்ப்டி' தேர்வைப் பயன்படுத்தலாம். மொத்தக் கோளாறையும் அந்த ஒரு செய்தி அப்போதே சொல்லிவிட்டது. காலியாக இருக்க வேண்டிய அடைவில் கோப்புகள் இருக்கின்றன என்றால் அவை எப்படி வந்தன என்பதுதான் அடுத்த கேள்வியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் செய்தியிலேயே மருந்தும் எழுதியிருந்தது. 'நான்எம்ப்டி' எஃப்எஸ்டேப் வரியில் ஏறியது, மவுன்ட் வந்தது, பணிச் சீட்டு மூடப்பட்டது. இந்தத் தேர்வை இணையத்தில் தயார்நிலை உதாரணங்களிலேயே சேர்த்துக் கொடுப்பவர்கள் பலர். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. பேக்கப் அடைவு ஒன்றுக்கு அந்தச் சொல் தேவைப்படுகிறது என்றால், அங்கே ஏற்கெனவே ஏதோ தவறாகிவிட்டது.

அன்றிரவு இன்னொன்றும் நடந்திருக்கிறது. மவுன்ட் இல்லாமல் போயிருந்தது 14 நாளைவிட அதிக காலம். பக்கெட்டில் இருந்த நகல்கள் எல்லாம் அதற்கும் பழையவை. ஸ்கிரிப்ட் புதிய நகல் ஒன்றை எழுதியது. பிறகு வழக்கம்போல 14 நாளுக்கு மேற்பட்டவற்றை நீக்கியது. அதாவது கிளவுட்டில் இருந்த எல்லாவற்றையும் நீக்கியது. மறுநாள் காலை பக்கெட்டில் மிஞ்சியது ஒரே ஒரு நகல். பக்கெட்டில் பதிப்புகளைக் காக்கும் வசதி இயக்கப்படவில்லை, எனவே நீக்கியது நீக்கியதுதான். அந்த ஒற்றை நகல் பழுதாக இருந்திருந்தால் ரூட் டிஸ்க்கின் மறைந்த குவியலைத் தவிர வேறு கதி இல்லை. அது அங்கே இருப்பதோ யாருக்கும் தெரியாது. வயதை மட்டும் பார்த்து நீக்கும் ஸ்கிரிப்ட்கள் எல்லாவற்றிலும் இந்த ஓட்டை உண்டு. மிஞ்சப்போவது எத்தனை என்று எண்ணாமல் நீக்கக் கூடாது.

மீட்பு

முதலில் கிரான் வேலையை நிறுத்தினோம், பிறகு கன்டெய்னரை. இந்த வரிசையில் அவசரப்பட்டுக் கன்டெய்னரை மறுதொடக்கம் செய்தால் அது இப்போது கிளவுட் மவுன்ட்டைப் பிடித்துக்கொள்ளும். கோளாறு தீர்ந்ததுபோலத் தோன்றும். அடியில் இருப்பது மறக்கப்படும். அதனால் மறைந்த கோப்புகளை வெளியே எடுக்கும்வரை அதை எழுப்பவில்லை.

தற்காலிகமாக ஒரு கூடுதல் டிஸ்க்கை இணைத்து, பைண்ட் பாதையிலிருந்து எல்லாவற்றையும் அதில் பிரதியெடுத்து, இரு பக்கமும் செக்சம் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) ஒப்பிட்டோம். நிரம்பிய கணத்தில் எழுதப்பட்ட சில பிடிஎஃப்கள் பாதியில் வெட்டுண்டிருந்தன. அவற்றைச் செயலியிலிருந்து மீண்டும் உருவாக்க முடிந்தது. பிறகு கட்டளைவரிக் கருவியால் நேரடியாகப் பக்கெட்டுக்கு ஏற்றினோம். மவுன்ட் வழியாக ஏற்றவில்லை. எல்லாம் ஏறியதைப் பக்கெட்டின் பட்டியலோடு ஒப்பிட்ட பிறகே மவுன்ட்டைக் கழற்றி, அடியில் இருந்ததை நீக்கினோம். பைண்ட் பாதை வழியாக நீக்கவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. அது படிக்க மட்டுமே திறந்திருந்தது.

திருத்தம்

எஃப்எஸ்டேப் வரியில் '_நெட்டெவ்' சேர்ந்தது, 'நான்எம்ப்டி' போனது, 'நோஃபெயில்' இருந்தது. இதோடு நிறுத்தியிருந்தால் அன்றைய கோளாறு மட்டும் தீர்ந்திருக்கும். நெட்வொர்க் எழுந்த பிறகும் சேவை பதில் சொல்லாத நாள் வரும், சாவி மாறும், எஸ்3எஃப்எஸ் நடுவில் இறக்கும். அப்போதெல்லாம் எழுதும் வேலை தோற்க வேண்டும், உரக்கத் தோற்க வேண்டும்.

அதற்கு மிக மலிவான பூட்டு, மவுன்ட் இல்லாத நேரத்தில் வெறும் அடைவுக்கு 'சிஹெச்அட்டர் +ஐ' (மாற்ற முடியாதது என்ற குறி) கொடுப்பது. அந்த அடைவில் அதன்பின் ரூட் பயனர்கூட ஒரு கோப்பையும் உருவாக்க முடியாது. 'செயல் அனுமதிக்கப்படவில்லை' என்று வரும். மேலே மவுன்ட் செய்வதற்கு அது தடையே அல்ல. மவுன்ட் வந்ததும் பக்கெட்டின் விதிகள்தான் பேசும். எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ் இரண்டிலும் இது நடக்கும். மவுன்ட் அடைவை உருவாக்குகிற அதே கையோடு இதையும் செய்துவிடுவது என் வழக்கம். இந்த ஒன்று இருந்திருந்தால் ஸ்கிரிப்டும் கன்டெய்னரும் முதல் நாளே கத்தியிருக்கும்.

சிஸ்டம்டியின் தானியங்கு மவுன்ட்டையும் யோசித்தோம். அதில் அடைவின்மேல் எப்போதும் ஆட்டோஎஃப்எஸ் உட்கார்ந்திருக்கும்; யாராவது தொட்டால்தான் உண்மையான மவுன்ட் நடக்கும்; அது தோற்றால் தொட்டவருக்குப் பிழை போகும், அடியில் எதுவும் விழாது. கன்டெய்னர் இல்லாத சர்வர் என்றால் இதையே தேர்ந்திருப்பேன். ஆட்டோஎஃப்எஸ் அடைவைக் கன்டெய்னருக்குள் பிணைக்கும்போது 'குறியீட்டு இணைப்புகளின் அடுக்குகள் மிக அதிகம்' என்ற சம்பந்தமே இல்லாததுபோலத் தோன்றும் பிழை வருவதுண்டு; அந்தத் தலைவலி வேண்டாம் என்று விட்டோம்.

கன்டெய்னரைச் சிஸ்டம்டி சேவையாக்கி, அதில் இரண்டு வரிகளைச் சேர்த்தோம். 'ரிக்வயர்ஸ்-மவுன்ட்ஸ்-ஃபார்' மவுன்ட் வராமல் கன்டெய்னரைத் தொடங்கவிடாது. அது தொடக்கத்துக்கு மட்டும் போதும். மவுன்ட் நடுவில் தானாக மறைந்தால் அதனால் பயனில்லை. அதற்கு மவுன்ட் அலகின்மேல் (மவுன்ட்டுக்கான சிஸ்டம்டியின் பதிவு) 'பைண்ட்ஸ்-டு' வேண்டும். மவுன்ட் போனால் கன்டெய்னரும் நிற்கும். டாக்கரின் சொந்த மறுதொடக்கக் கொள்கையை நீக்க வேண்டும் என்பது பலரும் மறப்பது. அது இருந்தால் சிஸ்டம்டி என்ன சொன்னாலும் டாக்கர் தன் போக்கில் கன்டெய்னரை எழுப்பிவிடும். பிணைப்பையும் மாற்றினோம்: காப்பக அடைவை நேரே கொடுக்காமல் அதற்கென ஒரு மேலடைவை வைத்து, அதை 'ஆர்ஸ்லேவ்' வகையில் கொடுத்தால், வெளியே நடக்கும் மவுன்ட் மாற்றங்கள் உள்ளேயும் எட்டும்.

ஸ்கிரிப்டில் எழுதும் முன் 'மவுன்ட்பாயின்ட்' கட்டளையின் சோதனை வந்தது. எழுதிய பின், மவுன்ட்டைக் கேட்காமல் பக்கெட்டையே நேரடியாகக் கேட்டு, இன்றைய தேதியிட்ட கோப்பு இருக்கிறதா, அளவு நேற்றையதற்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்கிறது. பழையதை நீக்கும் வரி அந்தச் சோதனை தேறினால் மட்டும் ஓடும். அப்போதும் பெயரில் இருக்கும் தேதியைப் பார்த்து, குறைந்தபட்சம் இத்தனை நகல்கள் மிஞ்ச வேண்டும் என்ற எண்ணிக்கையோடுதான். பக்கெட்டில் பதிப்புக் காப்பும் இயக்கப்பட்டது.

பேக்கப்புக்கு மவுன்ட் எதற்கு என்று கேட்டால், தேவையில்லை என்பதே என் பதில். தரவுத்தள நகலை உள்ளூரில் முடித்துவிட்டு ஆர்குளோன் போன்ற கருவியால் நேரடியாக ஏற்றினால், தோல்வி ஒரு வெளியேற்றக் குறியீடாக ஸ்கிரிப்டின் கையில் வந்து விழும். மவுன்ட்டில் அதே தோல்வி கோப்பு மூடப்படும் நேரத்தில் எங்கேயோ எழுந்து, பெரும்பாலும் யாரும் பார்க்காமலே போகும். கோப்பின் பெயரை மாற்றினால்கூட அடியில் நடப்பது பிரதியெடுப்பும் நீக்கலும்தான்; பெரிய கோப்புக்கு அது கணத்தில் முடியும் வேலை அல்ல. இயல்பான பகுதி அளவான 10 எம்பியோடு, ஒரு பொருளுக்கு 10,000 பகுதிகள் என்ற எஸ்3-இன் வரம்பைப் பெருக்கினால், 100 ஜிபியை நெருங்கும் கோப்பு ஒன்றில் எஸ்3எஃப்எஸ் முட்டிக்கொள்ளும் என்பதும் தெரிந்துகொள்ள வேண்டியது. தரவுத்தள நகல்கள் இப்போது ஆர்குளோன் வழியாகவே போகின்றன. விலைப்பட்டியல் செயலி கோப்பாக எழுத மட்டுமே அறிந்தது, அதனால் மவுன்ட் அதற்காக மட்டும் மிஞ்சியது.

சோதனை

திருத்தங்களை உறுதிசெய்யச் சர்வரிலிருந்து வெளியே போகும் 443 போர்ட்டை அடைத்துவிட்டு மறுதொடக்கம் செய்தோம். சர்வர் எழுந்தது. மவுன்ட் தோற்றது. கன்டெய்னர் தொடங்க மறுத்தது, எச்சரிக்கை மின்னஞ்சல் வந்தது. ரூட் பயனராகக் காப்பக அடைவில் ஒரு கோப்பை உருவாக்க முயன்றபோது மறுப்பு வந்தது. போர்ட்டைத் திறந்து மவுன்ட் அலகைத் தொடங்கிய பின் கன்டெய்னரைத் தொடங்கினோம். உள்ளே 'மவுன்ட்இன்ஃபோ' இப்போது ஃபியூஸ் என்றது. அடுத்து எஸ்3எஃப்எஸ் செயலியை வலுக்கட்டாயமாகக் கொன்றோம். இங்கே எதிர்பார்த்தது நடக்கவில்லை. செயலி இறந்தாலும் மவுன்ட் பதிவு கெர்னலில் அப்படியே இருந்தது. சிஸ்டம்டியின் பார்வையில் மவுன்ட் நன்றாகத்தான் இருக்கிறது. எனவே 'பைண்ட்ஸ்-டு' அசையவில்லை. விலைப்பட்டியல் செயலியிடமிருந்து 'எண்ட்பாயின்ட் இணைக்கப்படவில்லை' என்ற பிழைகள் மட்டும் வந்துகொண்டிருந்தன. எழுத்து தோற்கிறது, வேறெங்கும் விழவில்லை, அதனால் ஆபத்தில்லை. ஆனால் தானாக மீளாது. அடைவை அவ்வப்போது தொட்டுப் பார்த்து, பிழை வந்தால் மவுன்ட்டைச் சோம்பல் முறையில் (பயன்பாட்டில் இருந்தாலும் உடனே பிரித்து) கழற்றிவிடும் சிறிய டைமர் ஒன்றைச் சேர்த்தோம். பதிவு மறைந்ததும் 'பைண்ட்ஸ்-டு' கன்டெய்னரை நிறுத்துகிறது.

மீட்டு ஏற்றிய கோப்புகளில் ஒரு சில்லறைத் தொல்லை மிச்சம் இருந்தது. எஸ்3எஃப்எஸ் தான் எழுதும் பொருள்களின் மேல்விவரத்தில் உரிமையாளர், அனுமதி, மாற்றிய நேரம் ஆகியவற்றைக் குறித்துவைக்கும். வேறு கருவியால் ஏற்றியவற்றில் அந்தக் குறிப்புகள் இராது. அதனால் மவுன்ட் வழியாகப் பார்த்தபோது மீட்ட விலைப்பட்டியல்கள் எல்லாம் அனுமதி ஏதுமின்றி, ஏற்றிய தேதியோடு தெரிந்தன. மவுன்ட் தேர்வுகளில் பயனர் எண்ணையும் அனுமதி முகமூடியையும் கொடுத்ததில் படிக்கும் சிக்கல் தீர்ந்தது. தேதியைத் திருத்தவில்லை, கோப்பின் பெயரிலேயே அது இருக்கிறது.